வாசலில் ஓடிய நாடி

சுதந்திரத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் எனக்கு ரத்தம் பட்டது. அப்போது நான் மலாக்காவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரசவ விடுப்புக்கு இன்னும் பத்து நாள். வலி ஒன்றும் இல்லை, புடவையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறை மட்டும். பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. அது என் இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை மூன்று வருஷத்துக்கு முன்னால் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் பிறந்தது. பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. மருத்துவச்சி அவசரப்படுத்தினாள். அரை மணி நேரத்துக்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டது. ஆண் பிள்ளை. எந்த உறுப்பிலும் குறை இல்லை. உடம்பில் நிறம் மட்டும் இல்லை. உதடு, நகம், உள்ளங்கால் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. அது அழவே இல்லை. மருத்துவச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லம்மா. காட்டேரி குடிச்சிருச்சு," என்றாள்.

அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியே போக ஒரு நாள்கூட ஆகவில்லை. என் நாத்தனார் தன் கைப்பிள்ளையை என் மடியில் வைப்பதை நிறுத்திக்கொண்டார். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. காட்டேரி பிள்ளையைத் தேடி வந்ததா, அல்லது என்னோடுதான் இருக்கிறதா என்று தெரியாதபோது யார்தான் கூப்பிடுவார்கள்? எங்கள் பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அந்த வீட்டு அம்மாளை நான் காக் மீனா என்று கூப்பிடுவேன். மலாயில் காக் என்றால் அக்கா. காக் மீனா மட்டும்தான் வழக்கம்போல வந்துபோனார். ஆனால் நான் மறுபடி உண்டானதும் தாழம்பூப் புதர் மாதிரி முள் உள்ள மெங்குவாங் இலைகளை வெட்டிவந்து, எங்கள் வீட்டு ஜன்னல்களில் வரிசையாகக் கட்டினார். ரத்தம் குடிக்க வருவது குடல் தொங்கத் தொங்கப் பறந்து வரும், அந்தக் குடல் முள்ளில் மாட்டிக்கொள்ளும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆக, அன்று தலைமையாசிரியர் ஆள் விட்டு பேச்சா வண்டி வரவழைத்தார். அந்த மூன்று சக்கர வண்டியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என்னைப் பார்த்தவர் டாக்டர் பரமேஸ்வரி. வார்டில் சிலோன் டாக்டரம்மா என்பார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது சிரம்பானில். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முதலில் அந்த ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஏதோ காரத் தண்ணீரைக் கலந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க டாக்டரம்மா?"

"இது ஆரின்ர ரத்தம் எண்டு பாக்கிறன். பிள்ளையின்ர ரத்தமெண்டால் நிறம் மாறாது, சிவப்பாகவே நிக்கும். தாயின்ரயெண்டால் மண்ணிறமாப் போகும்."

என் உடம்பிலிருந்து வருகிற ரத்தம் என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். குழாயில் இருந்தது மெல்ல மெல்லப் பழுப்பாகியது. "உங்கடதான். நல்லது," என்றார்.

அப்புறம் என்னைப் படுக்கவைத்து உள்ளே சோதித்தார். கருப்பை வாய் ஒரு விரல் போகும் அளவுக்கு இளகியிருந்ததாம். ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவளுக்கு அப்படி இருப்பதுண்டாம். அவருடைய வலக்கை அங்கே இருந்தது. திடீரென்று அவர் அசைவது நின்றது. இடக்கையால் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். கண்ணைச் சுவரில் ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டு, உதடு அசையாமல் எதையோ எண்ணினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதிகளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டித் தடுத்தார். வெளியே புல் வெட்டுகிறவனின் அரிவாள் சத்தம் கேட்டது. நான் மூச்சு விடலாமா கூடாதா என்று தெரியாமல் கிடந்தேன்.

கையை எடுத்தபோது, தூங்குகிற பாம்பின் மேலிருந்து எடுப்பவர் மாதிரி அத்தனை மெதுவாக எடுத்தார்.

"இனி ஒருத்தரும் இவவை உள்ளுக்குச் சோதிக்கக் கூடாது," என்று மிஸ்ஸியிடம் சொன்னார். "ஒருத்தரும். நானும்தான்."

மாலையில் என் கணவர் வந்த பிறகு எங்கள் இருவருக்கும் விளக்கினார். என் கணவர் முத்தையா தண்ணீர் இலாகாவில் குழாய் ஃபிட்டர். டாக்டரம்மா அதைக் கேட்டு வைத்துக்கொண்டு அவருக்கு ஏற்ற மாதிரியே சொன்னார். தாயிடமிருந்து பிள்ளைக்கு உணவும் மூச்சும், கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சு என்ற சதையின் வழியாகப் போகின்றன. நஞ்சிலிருந்து பிள்ளைக்கு ஓடும் குழாய் தொப்புள்கொடி. அதன் உள்ளே ஓடுவது பிள்ளையின் ரத்தம். வழக்கமாகக் கொடி நஞ்சின் நடுவில் ஒட்டியிருக்கும், மேலே தடித்த உறையும் இருக்கும். ஆயிரக்கணக்கில் எங்கோ ஒருத்திக்கு அது தவறி, ரத்தக் குழாய்கள் உறையில்லாமல் பனிக்குடத்தின் மெல்லிய தோல் மேலேயே ஓடும். அதிலும் மிக அபூர்வமாக, பிள்ளை வெளியே வரவேண்டிய வாசலுக்குக் குறுக்கே ஓடும்.

"அந்தத் தோலுக்கு அங்கால ஒரு நூல் மாதிரி என்னவோ துடிச்சது. இவவின்ர கையிலயும் நாடி பார்த்தனான். ரண்டும் ஒண்டில்லை. விரலில பட்டது வேகமா ஓடினது."

"அப்ப அது?" என்று கேட்டார் என் கணவர்.

"பிள்ளையின்ர நாடி எண்டுதான் நினைக்கிறன்."

பனிக்குடம் உடைந்தால் அந்தக் குழாயும் கிழியும். ஓடுவது முழுக்கப் பிள்ளையின் ரத்தம். பிறக்காத பிள்ளையின் உடம்பில் மொத்தமே ஒரு கோப்பை ரத்தம்தான். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். தாய்க்கு ஒன்றும் ஆகாது. முன்னமே தெரிந்து, பனிக்குடம் உடையும் முன்பே வயிற்றைத் திறந்து எடுத்தால் பிள்ளை அநேகமாகப் பிழைக்கும். தெரியாமல் போனால் அநேகமாகப் பிழைக்காது. அதற்கு லத்தீனில் வாசா பிரீவியா என்று பெயர் சொன்னார். வழியில் குறுக்கே கிடக்கும் குழாய் என்று அர்த்தமாம். என் காதில் வாசல் என்றுதான் விழுந்தது.

அறுவைச் சிகிச்சையை முடிவுசெய்ய வேண்டியவர் தொரை டாக்டர். வெள்ளைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். சுதந்திரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பப்போகிறவர், புத்தகங்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கிவிட்டார் என்று ஆயா சொன்னாள். மறுநாள் வந்து என் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். அவர் கேட்டதையும் டாக்டரம்மா சொன்னதையும் அரைகுறை இங்கிலீஷில் பிடித்துக்கொண்டேன். ரத்தம் தாயுடையது என்று சோதனையிலேயே தெரிந்துவிட்டது. விரலில் பட்டது தாயின் ரத்தக் குழாயாக ஏன் இருக்கக் கூடாது? மறுபடி தொட்டுப் பார்க்கவும் வழியில்லை, தொட்டால் கிழியலாம். ஒரு விரல் சில விநாடி உணர்ந்ததை நம்பி, எட்டு மாதப் பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுப்பதா? கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிள்ளை கொஞ்சம் வளரட்டும், அதுவரை அசையாமல் படுத்திருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிலின் கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தினார்கள். தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் படுத்தேன். உட்காரக் கூடாது, இருமக் கூடாது, முக்கக் கூடாது. மணிக்கொரு தரம் மிஸ்ஸி வந்து மரக்குழல் ஒன்றை என் வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துப் பிள்ளையின் இதயத்தை எண்ணித் தாளில் எழுதுவாள். நூற்று நாற்பது, நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்திரண்டு.

வார்டில் இருபது பெண்கள் இருந்தார்கள். எனக்கு என்ன என்று இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாராக இருந்தாலும் என் கட்டிலைக் கடக்கும்போது செருப்புச் சத்தம் வராமல் நடந்தார்கள். கூட்டுகிற ஆயா என் கட்டிலுக்கு அடியில் மட்டும் விளக்குமாற்றைக் கொண்டுபோகமாட்டாள். எதிர்க் கட்டில் சீனத்தி தன் பிள்ளை அழுதால் அவசரமாக வாயைப் பொத்தித் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். என்னைச் சுற்றி மட்டும் ஏதோ தூங்குவதுபோலவும், அதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலவும் அத்தனை பேரும் நடந்துகொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயம் இரவில் வந்ததில்லை. இரவில் ஊசி போடுவார்கள், தூங்கிவிடுவேன். மத்தியானம் சோற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபின், காற்றாடி சுற்றும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வரும். வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். எல்லோரும் கண்ணயர்ந்திருப்பார்கள். அப்போது தலையணையில் காதை அழுத்தினால் என் நாடி கேட்கும். அது எல்லோருக்கும் கேட்பதுதான். நான்காம் நாள் அதற்கு அடியில் இன்னொன்றைக் கேட்டேன். சின்னது. வேகமானது. வெகு தூரத்தில் யாரோ விரல் நகத்தால் மரக்கதவைத் தட்டுகிற மாதிரி. என் கைக்கடிகாரத்தைப் பிடித்து எண்ணினேன். நூற்று நாற்பத்து நாலு. கால் மணி கழித்து மிஸ்ஸி வந்து குழலை வைத்து எண்ணி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பத்து நாலு.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தாய்க்கு அது கேக்காது," என்றார். "கேக்க வழியில்லை. நீங்கள் மிஸ்ஸி எழுதுறதைத் தினமும் பாக்கிறீங்கள், மனசு அந்தக் கணக்கிலயே ஓடுது." அது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு மத்தியானமும் அது கேட்டது. முதலில் ஆறுதலாக இருந்தது. போகப் போக, என் உடம்புக்குள் ஒருவர் இருக்கிறார், அவர் வாசலுக்கு வந்து நிற்கிறார், கதவைத் திறந்தால் செத்துப்போவார், அது தெரியாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றத் தொடங்கியது.

ஆறாம் நாள் மத்தியானம் அது நின்றது.

காதை அழுத்தினேன். என்னுடையது மட்டும் தடதடவென்று கேட்டது. திரும்பிப் படுக்கவும் பயம். கையை உயர்த்தி அசைத்தேன். மிஸ்ஸி ஓடிவந்து குழலை வைத்தாள். இடப்பக்கம் வைத்தாள், வலப்பக்கம் வைத்தாள், தொப்புளுக்கு மேலே வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காது மடல் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. எதிர்க் கட்டில் சீனத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது. கடைசியில் விலாவுக்குக் கீழே ஓர் ஓரத்தில் குழல் நின்றது. மிஸ்ஸியின் உதடு எண்ணத் தொடங்கியது.

"திரும்பிப் படுத்திருக்கு. அவ்வளவுதான்," என்றாள். போகும்போது குழலை என் கட்டிலிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் காக் மீனா வந்தார். நான் அழுததைப் பார்த்தார். என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே, "ஜாங்கான் கெராக், சராஸ், ஜாங்கான் கெராக்," என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அசையாதே, சராஸ், அசையாதே. போகும் முன் கைக்குட்டையிலிருந்து மெங்குவாங் முள் ஒன்றை எடுத்துக் கட்டில் கம்பியில் நூலால் கட்டினார். வார்டு மேற்பார்வை செய்யும் வெள்ளைக்காரச் சிஸ்டர் அதை மறுநாள் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். கழற்றவில்லை.

ஏழாம் நாள் மாலை, என் கணவர் இருக்கும்போது, டாக்டரம்மா முதல் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். இப்படி ஒருத்திக்கே இரண்டு தடவை வருவது அபூர்வத்திலும் அபூர்வம், ஆனாலும் எல்லாவற்றையும் எழுதி வைக்கவேண்டும் என்றார். நான் தெரிந்ததைச் சொன்னேன். சிவப்புத் தண்ணீர், வெள்ளைப் பிள்ளை, காட்டேரி.

"நஞ்சை ஆராவது பாத்தவையோ?"

எனக்குத் தெரியாது என்றேன். என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் பார்த்தேன்," என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை. "பானையில போட்டு பொதைக்கச் சொல்லி மருத்துவச்சி குடுத்தாங்க. பக்கத்து வீட்டு காக் மீனா, சும்மா பொதைக்காத, கழுவிட்டு பொதை, எங்க வழக்கம் அப்படித்தான்னாங்க. பின்னால கொழாயடியில வச்சு கழுவுனேன். கொடி அந்தச் சதையில ஒட்டல டாக்டரம்மா. ஓரத்துல, தோலு மேல ஒட்டியிருந்துச்சு. அங்கேருந்து மூணு நாலு நரம்பு, வேர் விட்ட மாதிரி தோலு மேல ஓடுச்சு. அதுல ஒண்ணு அறுந்து வாய தொறந்துகிட்டு இருந்துச்சு."

டாக்டரம்மா தன் தாளையும் பென்சிலையும் அவரிடம் நீட்டினார். "கீறிக் காட்டுங்கோ."

அவர் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து வரைந்தார். தண்ணீர் இலாகாவில் குழாய் போகும் பாதையை வரைவதுபோல, எது தடிமன், எது மெல்லிசு, உடைப்பு எங்கே என்று கோடு போட்டு வரைந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தியது. ஒரு கோட்டைக்கூட அழித்துத் திருத்தவில்லை.

டாக்டரம்மா தாளை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நாங்கள் இருவரும் இருந்தோம்.

"தெரிஞ்சிருந்துச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"என்னன்னு தெரியாது. ஆனா லீக்குன்னு தெரிஞ்சுச்சு. தெனமும் பாக்குற வேலதானே. உள்ள ஏதோ வெடிச்சு அதுலதான் போயிருக்குன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"ஆம்பள நஞ்ச கழுவுனேன்னு எப்படிச் சொல்றது. சொன்னா நான் கழுவுறப்ப அறுத்துட்டேன்னு சொல்லுவாங்க. எனக்கே சந்தேகம், நான்தான் அறுத்துட்டனோன்னு."

"புள்ள அதுக்கு முன்னயே செத்துப்போச்சுங்க."

"தெரியும். இருந்தாலும் சந்தேகம்."

"மூணு வருஷம். உங்க அக்கா எங்கிட்ட புள்ளைய குடுக்கல. தெருவுல என்னை பாத்தா வயித்துப்புள்ளக்காரி முந்தானைய இழுத்து மூடிக்கிட்டா. அப்பக்கூட சொல்லல."

 மணி அடித்தார்கள், பார்வையாளர்கள் போகும் நேரம். அவர் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் வந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் வயிறு இறுகுகிறது என்று மிஸ்ஸி எச்சரித்தாள். கோபப்படக்கூட எனக்கு இடம் இல்லை. அசையாமல் கோபப்படப் பழகிக்கொண்டேன்.

அந்தப் படம்தான் தொரை டாக்டரின் மனத்தை மாற்றியது. அதைப் பார்த்ததும் யார் வரைந்தது என்று கேட்டாராம். நோயாளியின் கணவர், குழாய் ஃபிட்டர் என்று டாக்டரம்மா சொன்னாராம். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, புத்தகம் எதுவும் படிக்காத ஒருவன் இதை இட்டுக்கட்ட முடியாது என்றாராம். பதின்மூன்றாம் நாள் காலையில் அறுவைச் சிகிச்சை என்று குறித்தார்கள். ரத்தம் வேண்டியிருக்கும் என்று சொன்னதும் என் கணவர் தன் வேலைக் கூட்டாளிகள் நான்கு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், இரண்டு தமிழர்கள். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று பயந்தவர்கள். என் கணவரே முதலில் கையை நீட்டினார். அதைக் கேட்ட பிறகு அவரோடு பேசினேன். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. இரண்டு மணிக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. வாயு என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும். காதைத் தலையணையில் வைத்தேன். அந்தச் சின்னச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகவும் வழக்கத்தைவிடக் கிட்டத்திலும் இருந்தது. என் காதுக்குள்ளேயே தட்டியது.

மிஸ்ஸி கையை வயிற்றில் வைத்தாள். திரும்பி ஓடினாள்.

பிரசவ வலி ஆரம்பித்துவிட்டது. பனிக்குடம் எந்த நொடியும் உடையலாம். நான்கு பேர் என்னைப் படுக்கையோடு தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். இரும்புச் சக்கரம் தரைப் பிளவுகளில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா முன்னால் நடந்து, பிளவு வரும்போதெல்லாம் கையைத் தாழ்த்திக் காட்டினார். தாழ்வாரத்தில் மழைச் சாரல் என் முகத்தில் அடித்தது. இரு பக்கமும் பெண்கள் நின்றிருந்தார்கள்.  நான் தொடையை இறுக்கி, கண்ணை மூடி, தண்ணீர் வராதே, தண்ணீர் வராதே என்று எந்தச் சாமிக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டே போனேன். தொரை டாக்டர் ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தார். கறுப்பு ரப்பர் மூடியை மூக்கில் வைத்து எண்ணச் சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாடு வாயில் வந்தது. மூவேழு இருபத்தொன்றுக்கு அப்புறம் நினைவில்லை.

விழித்தபோது அமைதி. வயிறு முழுக்க நெருப்பு. அந்தச் சின்னச் சத்தம் இல்லை. இருக்க வழியில்லை என்று அறிவுக்குத் தெரியவில்லை. அது நின்றுவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் யாரோ புது மிஸ்ஸி, சின்னப் பெண், எஸ்டேட்டிலிருந்து வந்தவள், துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"புள்ள என்ன நிறம்?"

அவள் சங்கடப்பட்டாள். எப்படிச் சொல்வது என்று யோசிப்பவள் போல நின்றாள். என் உயிர் போய்விட்டது.

"கறுப்புத்தாங்க அம்மா," என்றாள் தயங்கி. "உங்கள மாதிரியே. ஆனா மூக்கு முழியெல்லாம் லெட்சணமா இருக்கு. வளர வளர நெறம் வந்துரும்."

நான் அழத் தொடங்கினேன். வயிற்றுத் தையல் இழுத்தது, நிறுத்த முடியவில்லை. பாவம், அவள் பயந்துபோய், "கறுப்பா இருந்தா என்னம்மா, பொம்பளப் புள்ள, நாலே முக்கால் ராத்தல், சத்தமா அழுதுச்சு," என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்திய நாள் டாக்டரம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நஞ்சைச் சோதித்ததில், கொடி தோலில்தான் ஒட்டியிருந்தது, குழாய் ஒன்று வாசலுக்கு நேர் குறுக்கே ஓடியது, விரல் பட்ட இடமும் அதுதான் என்றார். தொரை டாக்டர் அதை ஜாடியில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறாராம். அப்புறம் கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். விரல் நுனியில எங்களுக்கும் நாடி ஓடும். பயந்தால் வேகமா ஓடும். அண்டைக்கு நான் நல்லாப் பயந்திட்டன். விரலில துடிச்சது என்ர நாடியோ எண்டு சந்தேகம் வந்தது. தொரையும் அதைத்தான் முதல் கேட்டவர். உன் நாடியையும் எண்ணிப் பாத்தியா எண்டு. எண்ணினனான், அது வேற எண்டு சொன்னன்."

பிள்ளையின் போர்வை நுனியை இழுத்துவிட்டார்.

"எண்ணேல்லை," என்றார். "பொய் சொன்னன். எண்ணேல்லை எண்டு சொல்லியிருந்தால் உங்களை அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சோறு தின்னேல்லை."

 பிள்ளை பசிக்கு அழுதாள். "பாலைக் குடுங்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வருஷக் கடைசியில் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

நாத்தனார் வந்து மகளை மடியில் வாங்கிக்கொண்டார். தெருவில் பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் கணவர் ஒவ்வொருவரிடமும் டாக்டரம்மாவின் விரலைப் பற்றிச் சொல்வார். ஒரே ஒரு விரல், பிள்ளையின் நாடியை அப்படியே பிடித்த விரல் என்று, தன் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டிச் சொல்வார். சொல்லும்போது அவர் கண் கலங்கும். தன் கண்ணால் பார்த்ததையே சந்தேகப்பட்டு மூன்று வருஷம் வாயடைத்துக் கிடந்தவர், அந்த விரலை மட்டும் ஒருபோதும் சந்தேகப்படவில்லை.

போன தைப்பூசத்துக்கு மறுநாள் அவர் காலமானார். எங்கள் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவர் மறைத்ததற்காக இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசாதவள் நான். டாக்டரம்மா சொன்னதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.